தலைவர் விலகியிருந்த தீர்மானம்

ஜூன் 9, 2024, ஞாயிறு

பூசை முடிந்து சர்ச் வாசலைத் தாண்டுவதற்குள் கையில் பத்திரிகைகள். காதுகுத்து, புதுமனை, கல்யாணம். எல்லாவற்றிலும் ‘ஊராட்சி மன்றத் தலைவர் அமலராணி ஜஸ்டின்’ என்று என் பெயர் இருக்கிறது. பெயர் போட்டால் போக வேண்டும். போனால் தலைவருக்குத் தகுந்த மொய் செய்ய வேண்டும். தலைவர் பதவியும் பள்ளிக்கூடமும் ஒத்துவராமல்தான் டீச்சர் வேலையை விட்டேன். இப்போது வருவதற்கு மதிப்பூதியம் என்று பெயர். மதிப்பு இருக்கிறது. ஊதியத்தைத்தான் தேட வேண்டும்.

ஜூன் 18

கல்குவாரி கம்பெனியிலிருந்து அரவிந்த்குமார் என்பவர் வந்தார். குவாரியைக் கண்மாய்ப் பக்கம் வரை நீட்டிக்கப் போகிறார்களாம். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தீர்மானம் வேண்டுமாம். பணம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நான் அதற்குத்தான் பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்காத கேள்விக்கு என்னவென்று பதில் சொல்ல?

எழுந்து போகும்போது, “சாரோட வேன் சும்மாதான் நிக்கிது போலங்க மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 21

என் வீட்டுக்காரருக்குக் குவாரிக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஓட்டம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் சொந்த பஸ் வாங்கியதிலிருந்து வேன் வேப்பமரத்தடியிலேயே கிடந்தது. இன்று காலை அதைக் கழுவிக்கொண்டே பாடினார். இவர் பாடி எவ்வளவு நாளாயிற்று.

“ஓட்டுறதுக்குத்தானே குடுக்குறாங்க ராணி. சும்மாவா குடுக்குறாங்க?”

சும்மா இல்லைதான். அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஜூன் 22

உழைத்து வாங்குகிற கூலி லஞ்சமா? சரி, நான் தலைவராக இல்லாவிட்டால் அந்த ஆள் நம் வேனைப் பார்த்திருப்பாரா?

ஜூலை 10

அன்னவாசல் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். டீ குடிக்கும்போது பக்கத்து ஊர்த் தலைவர் பெரியகருப்பனிடம், யாருக்கோ நடந்ததுபோல இதைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் இருக்கு, படி இருக்கு. நமக்கு? கவருமெண்டு ஒழுங்காக் குடுத்தா நாம ஏம்மா அடுத்தவன் கையப் பாக்கப்போறோம்?”

சரியாகத்தான் பட்டது. பஸ்ஸில் வரும்போது சரியாகப் படவில்லை. நிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள் யாரும் லஞ்சம் வாங்குவதில்லையா? வயிற்றுக்கு வாங்குகிறவன் ஒருவன் என்றால் ஆசைக்கு வாங்குகிறவன் இன்னொருவன். எனக்குச் சம்பளம் கூடினாலும் இவர் வேன் மரத்தடியில்தானே நின்றிருக்கும்.

ஜூலை 27

துணைத்தலைவர் ஞானமணி அக்கா வந்தது. குவாரியில் வெடி வைத்ததில் அக்கா கிணற்றின் சுவர் ஓரிடத்தில் பிளந்திருக்கிறது. கூட்டிப் போய்க் காட்டியது.

“ஒன் வூட்டுக்காரரு ஓட்டுறத நான் குத்தஞ் சொல்லல ராணி. ஆனா நீ அந்தத் தீர்மானத்தப் படிக்கிறப்ப நான் யாரப் பாத்துப் பேசணும்? ஒன்னயா, கம்பெனியவா?”



ஆகஸ்ட் 13

இவரோடு சண்டை. ஓட்டத்தை விட்டுவிடுங்கள் என்றேன். “ஒன் பதவியால என் பொழப்பு போகணுமா?” என்கிறார். நானா கேட்டேன் அந்த ஓட்டத்த? நானா போயி நின்னேன்? இவரு மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்லவும் முடியல, சரின்னு இருக்கவும் முடியல — என்னதான் செய்யச் சொல்றாரு என்னைய?

ஆகஸ்ட் 15

செய்துவிட்டேன். குவாரி விஷயம் வந்ததும் எழுந்து நின்றேன். “எங்க வீட்டு வேன் அந்தக் கம்பெனிக்கு ஓடுது. அதனால இதுல நான் தலைவரா இருக்கிறது முறையில்ல. துணைத்தலைவர் நடத்தட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். மனசு லேசாக இருந்தது.

ஞானமணி அக்கா கிணற்றைப் பற்றிப் பேசியது. பிறகு கம்பெனி ஆள் பேசினார். கோயில், சர்ச் இரண்டுக்கும் வெள்ளையடிப்பு, குடிதண்ணீரைச் சுத்தம் செய்ய மெஷின், இளவட்டங்களுக்கு வேலை. கை தூக்கச் சொன்னதும் நான் நினைத்துப் பார்க்காத கைகளெல்லாம் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

எனக்கு வேன் என்றால் ஊருக்கு வெள்ளையடிப்பு. இதில் யாரை யார் விலகச் சொல்வது?

ஆகஸ்ட் 16

சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை இன்னாசியைத் தெருவில் பார்த்தேன். ஏன் கை தூக்கினீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

“நீ வேணாம்னுருந்தா நாங்களும் வேணாம்னுருப்போம். நீதான் ஒன்னுமே சொல்லலியேத்தா.”

ஆகஸ்ட் 18

ஞானமணி அக்கா இரண்டு நாளாக முகம் கொடுக்கவில்லை. நானே போனேன்.

“நாற்காலிய விட்டு எறங்குனது சரி. வாயையும் அங்கிட்டே வச்சிட்டு ஏன் எறங்குன?”

நான் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்தேனா? கிணறு பிளந்ததை நானும்தானே பார்த்தேன். தரையில் உட்கார்ந்த பிறகு நானும் ஊர்க்காரிதானே.

அக்டோபர் 4

கம்பெனி சொந்தமாக வண்டி வாங்கிவிட்டதாம். நாளையிலிருந்து இவர் வர வேண்டாமாம். அரவிந்த்குமாருக்கு அடித்துப் பார்த்தார். போனை எடுக்கவில்லை.

வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அப்போது எனக்கும்தான் ஒன்றும் தெளிவாகத் தெரியாதே.

நவம்பர் 23

கிராம சபை. இன்றும் நாற்காலியை ஞானமணி அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் இருந்து பேசினேன். கண்மாய், கிணறு, வீட்டுச் சுவர்களில் விழும் கீறல், எல்லாம். அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “வேன் ஓட்டம் நின்னுபோச்சுல்ல. அதான் அம்மாவுக்கு இப்ப கண்ணு தெரியுது.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஓட்டம் இருந்தபோது பேசினால் அது துரோகமாகத் தெரிந்திருக்கும், நின்றபின் பேசினால் வஞ்சம். எப்போதுதான் என் பேச்சு என் பேச்சாக இருந்திருக்கும்? அந்த ஓட்டமே வராமல் இருந்திருந்தால். அவ்வளவுதான்.

ரத்து இல்லை. ‘பிறகு பரிசீலிக்கப்படும்.’

ஜனவரி 6, 2025

பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு என் பழைய பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 27, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, குவாரி நீட்டிப்புக்கு எதிராக மனு கொடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனோம். கலெக்டர் ஆபீசில் இன்று மனு வாங்கும் நாள். இவர்தான் வேனை எடுத்தார். டீசல் காசு தருகிறேன் என்ற ஞானமணி அக்காவிடம், “ஏறுங்க, பாத்துக்கலாம்” என்றார். ஊர் எல்லையில் இன்னாசி நின்றிருந்தார். கை காட்டினார். ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். வழியில் இன்னும் சிலர்.

மனுவைப் பதிகிற இடத்தில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள். “பேரு?”

சொன்னேன்.

“மனு குடுக்குறீங்கள்ல, என்ன பொறுப்புல இருக்கீங்க?”

“பொறுப்பு ஒன்னுமில்லங்க. அந்த ஊருல குடியிருக்கேன்.”

எழுதிக்கொண்டாள்.