எலிசால்டே சுவாமியின் கடைசிப் பாவசங்கீர்த்தனம்

1991 பெப்ரவரி 4

லண்டனின் இந்த மூலை எட்மண்டனிலிருந்து அந்த மூலை ஹரோவுக்கு இரண்டு பஸ், ஒரு ரயில். போய்ச் சேர்ந்தால் நேர்சிங் ஹோம் தாதி சொல்கிறாள், எலிசால்டே சுவாமி பிதற்றுகிறாராம். பிதற்றலாம் பிதற்றல்! பாரிசவாதம் வந்து ஆங்கிலம் போய்விட்டது, ஸ்பானியம் போய்விட்டது, என்னிடம் படித்த தமிழும் போய்விட்டது. தாய்மொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர் பேசியது சுத்தமான பாஸ்க், ஸ்பெயினுக்குள் இருந்தும் ஸ்பானியத்தோடு ஒட்டாத மொழி. தண்ணீர் கேட்டார். அந்த மொழிக்கு அகராதி எழுதிய மனுசன், ஒரு மிடறு தண்ணிக்கு நான் வருமட்டும் கிடக்க வேண்டுமோ?

பெப்ரவரி 7

பங்குச் சுவாமி கெவின் இளம் குரு. நல்லவர்தான், காது மட்டும் இல்லை. சாகமுதல் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டுமே, அந்தப் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு ஸ்பானியக் குருவைக் கூட்டிப் போனாராம். எலிசால்டே சுவாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். "மறுத்துவிட்டார்" என்று கதையை முடிக்கிறார் கெவின்.

மறுக்காமல்? ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில், பாஸ்க்கில் பிரசங்கம் வைத்ததற்காக மறியலில் கம்பிக்குப் பின்னால் கிடந்தவர். நான் சாகக் கிடக்கேக்க ஒரு சிங்களச் சுவாமியைக் கொண்டுவந்து, எல்லாம் ஒண்டுதானே எண்டால்? கட்டிலால இறங்கி நடந்திருப்பன்.

"கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும், மிஸ்டர் சூசைதாசன்" என்றார். கடவுளுக்குத் தெரியும். கேட்க வருகிறவருக்கு? எங்கள் சனம் இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது, கிழவிகள் தமிழில் பாவம் சொல்ல வேண்டுமென்று, அறுபது தாண்டிய வயதில் என்னிடம் வந்து அ, ஆ எழுதினவர் எலிசால்டே சுவாமி. பதிலுக்குத் தன் மொழியை எனக்குத் தந்தார்.

பெப்ரவரி 11

நூலகத்தில் திருச்சபைச் சட்டத்தைத் தேடிப் பிடித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், ஆங்கிலமும் தானாகப் படித்ததுதான். அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன். மொழிபெயர்க்க ஒருவரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். அவரும் இரகசியம் காக்க வேண்டும். கெவினின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மேலிடத்தைக் கேட்க வேண்டுமாம்.

மேலிடம்! ஆள் போன பிறகு அனுமதி வரும்.

பெப்ரவரி 15

வந்துவிட்டது. மொழிபெயர்க்க நானே போனேன். வேறு ஆர் இருக்கினம்? கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு, கெவினின் காரில்.

சுவாமி கெவினைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவைக் காட்டினார்.

என்னையோ? இவ்வளவு வருஷமாகச் சிநேகிதனாக இருந்து, அவருக்காக மேசைக்கு மேசை வாதாடின என்னைத்தானோ?

பெப்ரவரி 16

இனிப் போகமாட்டேன்.

பெப்ரவரி 18

மகள் இம்மாகுலேற் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சுவாமியோட கோவமோ அப்பா?"

"எனக்கென்ன கோவம்?"

"உங்கட பாவத்தை உங்கட சிநேகிதர் பெனடிக்ற் மாமாவுக்கு முன்னால சொல்லுவியளோ?"

"அவனுக்கு முன்னாலயோ! விடியமுதல் எட்மண்டன் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"மாமா வாயே திறக்கமாட்டார் எண்டு வையுங்கோ. அப்ப?"

அப்பவும் ஏலாது. சிநேகிதனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? சுவாமிக்கு வேண்டியது முன்பின் தெரியாத ஒரு ஆள். இவள் சொன்னது சரிதான். அதை இவளிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 22

1937இல், ஸ்பெயினின் உள்நாட்டுச் சண்டைக்குள் கப்பலேற்றி இங்கே அனுப்பிய பாஸ்க் பிள்ளைகளில் சிலர் திரும்பிப் போகவேயில்லை. டெலிபோனுக்கு மேல் டெலிபோன் அடித்து ஒருத்தியைப் பிடித்துவிட்டேன். பெயர் பெகோன்யா. இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"என்னுடைய பாஸ்க் எட்டு வயதோடு நின்றுவிட்டது" என்று தயங்கினாள்.

"எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்காத பாவம் எதுவும் சுவாமியிடம் இராது. வாருங்கள்."

பெப்ரவரி 25

நடந்தது. சுவாமி அவளை ஏற்றுக்கொண்டார். கதவு மூடியது, நான் வெளியே நின்றேன். திறந்தபோது பெகோன்யா அழுதபடி வந்தாள். பின்னால் கெவின், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. என்ன சொன்னவர் என்று கேள்வி வாய்வரை வந்தது. சட்டத்தைத் தேடிக் கொடுத்தவனே நான், எப்படிக் கேட்பது? அதுவும் எரிச்சல்தான்.

உள்ளே போனேன். கட்டிலோரக் கதிரையைக் காட்டினார், இருந்தேன்.

மார்ச் 3

விடிகாலை சுவாமி போய்விட்டார்.

மார்ச் 9

அடக்கப் பூசை. பிரசங்கம் வைக்க வந்த பெரிய குரு, "நம் ஸ்பானியச் சகோதரர்" என்று தொடங்கினார். எழும்பினேன். இம்மாகுலேற் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நான் வாய் திறக்கமுதல் பீடத்திலிருந்து கெவினின் குரல்: "பாஸ்க், மொன்சிஞ்ஞோர். அவர் பாஸ்க்காரர்."

திரும்ப இருக்க வேண்டியதாயிற்று. என் சண்டையை வேறொருவர் போட்டால் நான் கையை எங்கே வைப்பது?

மார்ச் 23

நாளை குருத்தோலை ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மொழிபெயர்க்க யாரையாவது கூப்பிடவா என்று கெவின் தானாகவே கேட்டார்.

"ஒருத்தரும் வேண்டாம். நான் தமிழில் சொல்வேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்."

ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. கோபம் என்ற பாவத்துக்கு வந்தபோது, யார் மேல் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தரம் கெவின் என்ற பெயரே வந்தது. மூன்று தரமும் தலையாட்டினார்.

மன்னிப்புத் தந்தார்.