காலியாகத் திரும்பி வந்த தூக்கு

மதினி,

இன்று காலை மருமகள் பரணைச் சுத்தம் செய்தாள். பழைய பாத்திரக்காரனுக்குப் போட அவள் எடுத்து வைத்த குவியலில் அந்தப் பித்தளைத் தூக்கு கிடந்தது. மூடியைத் திறந்தேன். களிம்பு வாடை. உள்ளே ஒன்றுமில்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். நீ திருப்பி அனுப்பிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

"அத மட்டும் வைடி அங்கன," என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது. எழுதிப் பழகாத கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ வந்த புதிதில் நாம் இருவரும் கடல்பாசி எடுக்கப் போவோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பிய்ப்போம். ஒரு நாள் நீ முங்கி எழுந்து என் தோளைப் பிடித்து இழுத்தாய். ஏதோ கடித்துவிட்டது என்று பயந்துபோனேன். கீழே கடல்புல்லில், பெருக்குமாற்றால் இழுத்துவிட்ட மாதிரி நீளமாக ஒரு தடம். தடத்தின் முனையில் ஆவுளியா. இப்போது எல்லோரும் கடல்பசு என்கிறார்களே, அதுதான். தாயும் குட்டியும். தாய் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. குட்டி அதன் துடுப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே வந்து தாய் விட்ட மூச்சு, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மனுஷியின் பெருமூச்சு மாதிரி கேட்டது.

"ஏத்தா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஒங்கண்ணன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்," என்றாய்.

நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. சோறு போடும்போது, 'நீ பார்க்காததை நான் பார்த்தேன்' என்கிற பெருமையில் வந்துவிட்டது. மறுவாரம் அங்கே வலை போனது. அப்போதெல்லாம் அதைப் பிடித்தால் கேட்பாரில்லை. தாய் மட்டும் மாட்டியது. ஊர் முழுக்கக் கறிப் பங்கு போனது.

எங்கள் பங்கை நான்தான் மசாலா அரைத்துக் குழம்பு வைத்தேன். கூடப்பிறந்தவன் வீட்டுக்குக் கொடுக்காமல் தின்ன மனசு வரவில்லை. தூக்கில் ஊற்றி உனக்கே கொடுத்தனுப்பினேன். புத்தியுள்ளவள் செய்கிற காரியமா அது!

சாயங்காலம் தூக்கு திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, காலியாக.

நம் ஊரில் பாத்திரம் காலியாகத் திரும்பாது. ஒன்றுமில்லாத வீட்டிலிருந்துகூட ஒரு கை சீனியோ நாலு மிளகாய் வற்றலோ உள்ளே கிடக்கும். உறவே வேண்டாம் என்கிறவர்கள்தான் வெறுமனே அனுப்புவார்கள். குழம்பை நீ கரை மணலில் தோண்டிப் புதைத்தாய் என்று கேள்விப்பட்டேன். அது சரி. இரண்டு வற்றலைப் போட்டிருக்கக் கூடாதா?

தப்பு என்னுடையதுதான். இல்லை என்று எப்போது சொன்னேன்? ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. உன் மகள் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் மறுதரம் வரவில்லை, அதுவும் நினைவிருக்கிறது. அதன் பிறகும் ஒரே வள்ளத்தில் பாசிக்குப் போனோம், பேசினோம், சண்டை போட்டோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரம் மட்டும் போகவுமில்லை, வரவுமில்லை.

நமக்குத் தலை நரைத்த பிறகு ஒரு நாள், தண்ணீருக்குள் நீ மறுபடி என் தோளைப் பிடித்தாய். வேறு இடம். அதே மாதிரித் தடம். பெரிய ஆவுளியா ஒன்று, பக்கத்தில் அதன் குட்டி. தாயைப் பறிகொடுத்த குட்டிதான் வளர்ந்து வந்திருக்கிறது என்றாய். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

"இந்தத் தடவயாச்சும் வாய மூடிக்கிட்டு இருப்பியா?"

"ஒன் வாய் ஓஞ்சாத்தான எனக்குப் பேச எடமே கெடைக்கும்!"

நீ சிரித்தாய், கடல்தண்ணீர் வாய்க்குள் போய் இருமும்வரை. என்னை நம்பி ஏன் காட்டினாய் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் தெருக்கோடி வீட்டுப் பையன் இப்போது ராமேஸ்வரம் வருகிற சனங்களைப் படகில் ஏற்றிக் கடல் காட்டுகிறான். நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றான்.

"அப்பத்தா, கடல்பசு மேயுற எடம் ஒனக்குத் தெரியுமாம்ல? மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காக. தூரத்துல இருந்து பாத்துட்டு வந்துருவோம்."

தூரத்திலிருந்துதான் என் வீட்டுக்காரரும் முதலில் பார்த்தார். ஆனாலும் மதினி, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் உனக்கு உறைக்கும் என்று தோன்றியது. மடியில் தூக்கு வேறு கனத்தது.

"ஏலே, பசுவா? எங்க வீட்டுல வெள்ளாடுதான் இருக்கு," என்றேன். "தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போ. பூநாரை வந்து எறங்கியிருக்கு. ஒத்தக் கால்ல நிக்கும், ஆசைதீர போட்டோ புடிக்கட்டும்."

"ஒனக்குத் தெரியும் அப்பத்தா. சொல்ல மாட்டேங்கிற," என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

தூக்கைப் பாத்திரக்காரனுக்குப் போடவில்லை. புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்த இடம் என்னோடு இருக்கிறது, யாரிடமும் போகாது. கோபமும் என்னோடுதான் இருக்கிறது. உன்னிடம் வரும்போது இந்தத் தூக்கையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் என்ன போட்டுத் தருகிறாய் என்று பார்க்கலாம்.