நூற்றைம்பது கிராம்

7-10-2024, திங்கள்

காலையில் மூன்று தராசு வந்தது. தேவனாம்பட்டினத்து மீன்காரம்மாவின் எலக்ட்ரானிக் தராசுக்குள் உப்புப் பூத்துக் கிடந்தது. துடைத்துச் சரிசெய்தேன். "எங்க கத்துகினீங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. மகள் தமிழ்ச்செல்வி பிறந்த வருடம் ஒரு தராசை வாங்கிப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பூட்டினேன். அதுதான் என் படிப்பு.

மத்தியானம் பக்கத்து இரும்புக்கடை சுப்பராயலு செல்போனை நீட்டினான். "மச்சான், உன் மாப்ள ஒருத்தன் மேல ஏறி ஒக்காந்துகினு அடிக்கிறாரு பாரு." பார்க்கவில்லை. நான்கு வருடமாக நான் அதைப் பார்ப்பதில்லை.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை இளவரசு மல்யுத்த வீரர். மாநிலத்தில் தங்கம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. கல்யாணமான ஏழாம் மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போய்விட்டார். எம்.எம்.ஏ. என்கிறார்கள். குத்தலாம், உதைக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். எதிராளி தரையைத் தட்டினால்தான் விடுவார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? ரயில்வே வேலையைப் பார்த்துத்தானே பெண் கொடுத்தேன்?

11-10-2024, வெள்ளி

ஆயுத பூஜை. மஞ்சக்குப்பம் கடையில் எல்லாத் தராசுக்கும் பொட்டு வைத்தேன். பிளாட்பார்ம் தராசின் ஐம்பது கிலோ கல்லுக்கு மட்டும் கட்டைவிரலால் அழுத்தி வைப்பது என் வழக்கம். கல் என்னவோ அரைக் கிலோதான், கொக்கியில் மாட்டினால் மேடையில் ஐம்பது கிலோவுக்கு ஈடு. அதுதான் பெரிய கல், அதற்குத்தான் முதல் மரியாதை.

மகளும் மாப்பிள்ளையும் சிதம்பரத்திலிருந்து வரவில்லை. நவம்பர் 23-ல் சென்னையில் சண்டையாம். ஜெயித்தால் மூன்று சண்டைக்கு ஒப்பந்தம். இல்லாவிட்டால் இதை விட்டுவிட்டு அங்கே ஒரு தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருக்கிறார்.

"தோத்தா நல்லதுதான்" என்று மனைவி தில்லையிடம் சொன்னேன். போனை அவள் இன்னும் வைக்கவில்லை. மறுமுனையில் தமிழ் இருந்தாள்.

14-11-2024, வியாழன்

தமிழ் போன் செய்தாள். சண்டைக்கு முந்தின நாள் எடை போடுவார்களாம். அறுபத்தைந்து கிலோ எண்ணூறுக்கு மேல் ஒரு கிராம் கூடாது. மாப்பிள்ளை இப்போது எழுபது. உப்பை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடுகிறார்.

வீட்டிலிருக்கும் கண்ணாடி எடைத் தட்டு தரையில் ஒவ்வொரு டைல்ஸ் மேலும் ஒவ்வொரு எடை காட்டுகிறதாம். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தத் தட்டு மேல நின்னு எடைன்னு சொல்லாதீங்க. இங்க வரச் சொல்லு" என்றேன்.

"நெசமாவாப்பா?" என்றாள்.

தராசுக்காகச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

21-11-2024, வியாழன்

மாப்பிள்ளை வந்திருக்கிறார். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து. தில்லை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறாள், வாசனை வரக்கூடாதாம். வந்த மாப்பிள்ளைக்கு இலை போடாத வீடு ஆகிவிட்டது இது.

"மாமா, கூண்டுல அடி வாங்கறது ஈஸி. அத்த கொழம்பு வெக்கிற வூட்ல பட்டினியா இருக்கறதுதான் கஷ்டம்" என்றார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தராசைச் சோதித்தேன். வெறும் மேடை: சரி. என் இருபது கிலோ சோதனைக் கல்: சரி.

22-11-2024, வெள்ளி

காலை ஐந்து மணிக்கு மேடையில் ஏற்றினேன். ஐம்பது, பத்து, ஐந்து என்று கொக்கியில் கல் மாட்டிக் குண்டை நகர்த்தினேன். கோல் சமமாக மிதந்தது. அறுபத்தைந்து எழுநூற்றைம்பது. ஐம்பது கிராம் கையிருப்பு. பயிற்சியாளர் அருண்குமார் காரில் அழைத்துப் போனார்.

பத்து மணிக்கு ஓட்டலிலிருந்து மாப்பிள்ளை போன். "மாமா, ட்ரையல் பாக்க ஒரு தராசு வெச்சிருக்காங்க. அறுபத்தாறு நூறு காட்டுது. முந்நூறு ஜாஸ்தி. ரெண்டு மணி நேரம் இருக்கு. வெந்நீர் தொட்டில ஒக்காந்தா போயிடும்."

"தரையிலயா, கார்பெட் மேலயா?"

"கார்பெட்டு மாமா."

"அப்ப அது பொய் சொல்லுது. இருக்கற ஒடம்ப இன்னும் வாட்டாதீங்க. அசல் தராசுல ஏறுங்க. நான் சொல்றேன்."

"சரி மாமா."

மாலை 4 மணி. சேதி வந்துவிட்டது. அசல் தராசிலும் அறுபத்தாறு நூறு. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். வெந்நீர், போர்வை, மாடிப்படியில் ஓட்டம். அறுபத்தைந்து தொள்ளாயிரத்து ஐம்பது. நூற்றைம்பது கிராம் நின்றுவிட்டது. எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை ரத்து.

அவர்கள் தராசு தப்பு.

24-11-2024, ஞாயிறு

தமிழ் வந்தாள். தனியாக. குடையைக்கூட மடக்கவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். வேணும்னே செஞ்சியாப்பா?"



"இன்னா கேட்ட?"

"தோத்தா நல்லதுன்னு நீதான சொன்ன. என் காதுல கேட்டேன்."

"முப்பது வருசம். ஒரு கிராம் எவனுக்காவது கள்ள எடை போட்டிருக்கனா? கேட்டுப் பாரு, இந்தத் தெருவக் கேட்டுப் பாரு—"

"தெருவ எதுக்கு கேக்கணும்? ஒன்னதான் கேக்கறேன்."

பதில் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என்னைப் பார்த்து, என் பெண், அந்தக் கேள்வியை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். தில்லை பின்னாலேயே ஓடி ஒரு டப்பாவில் என்னவோ கொடுத்தாள்.

5-12-2024, வியாழன்

புயல் மழையில் நான்கு நாள் கரண்ட் இல்லை. இன்றைக்குத்தான் தபால் போட முடிந்தது. சண்டை நடத்தும் கம்பெனிக்கு மூன்று பக்கம், பதிவுத் தபாலில். உங்கள் தராசுக்கு முத்திரை எப்போது போட்டது? எந்த ஆய்வாளர்? சான்றின் நகல் வேண்டும். ஒரு மனிதனின் பிழைப்பை நூற்றைம்பது கிராமில் கெடுத்தவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கடை முத்திரை குத்தி அனுப்பினேன்.

14-12-2024, சனி

நகல் வந்துவிட்டது. முத்திரை அக்டோபரில்தான் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. அசல் தராசை வெறும் தரையில்தான் வைத்தார்களாம், போட்டோவும் இருக்கிறது.

ஒரு காகிதம் சரியாக இருந்தால் தராசும் சரியாக இருக்க வேண்டுமா?

18-12-2024, புதன்

சுப்பராயலுவிடம் இரண்டு இருபது கிலோ கல் இரவல் வாங்கினேன். எதற்கென்று சொல்லவில்லை. என்னுடையதோடு சேர்த்து மூன்றையும் மேடையில் வைத்தேன். அறுபது கிலோ.

தராசு காட்டியது ஐம்பத்தொன்பது நானூற்றைம்பது.

மறுபடி. மறுபடி. அதே.

வெறும் மேடை சரி. இருபது சரி. அறுபதில் மட்டும் ஐந்நூற்றைம்பது கிராம் எங்கே போகும்? இருபதுக்கு மாட்டாத கல், அறுபதுக்கு மாட்டும் கல் — பெரிய கல். கழற்றிப் பார்த்தேன். அதன் தலையில் ஈயம் அடைத்த ஒரு குழி உண்டு. பொட்டு வைக்க வாகான இடம். அந்தக் குழியே காணோம். இந்தத் தராசு வாங்கியதிலிருந்து இருபது ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல்லோடு கல்லாகிக் கிடக்கிறது. வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக்கூடாது என்று விட்டது. ஆணியால் சுரண்டி எடுத்து நகைத் தராசில் போட்டேன். ஐந்தரை கிராம்.

கொக்கியில் ஒரு கிராம் ஏறினால் மேடையில் நூறு கிராம் மறையும். இது எனக்குத் தெரியாதா? யார் வந்து கேட்டாலும் முதலில் நான் சொல்வதே அதுதானே?

அன்றைக்கு மாப்பிள்ளை அறுபத்தாறு முந்நூறு இருந்திருக்கிறார். சென்னை போவதற்குள் மூச்சிலும் வியர்வையிலும் இருநூறு போயிருக்கும். மீதி அறுபத்தாறு நூறு. கார்பெட் மேல் இருந்த தராசும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

19-12-2024, வியாழன்

கடை திறக்கவில்லை.

20-12-2024, வெள்ளி

சொன்னால் என்ன ஆகும்? "அப்ப வேணும்னேதான்" என்பாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சுரண்டியதைத் தெருவில் போட்டுவிட்டால் கல்லும் சரி, நானும் சரி.

தில்லையிடம் மட்டும் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே, "வருசா வருசம் அப்புனது நீங்கதான" என்றாள். அவ்வளவுதான்.

22-12-2024, ஞாயிறு

சிதம்பரம் போனேன். மஞ்சப்பையில் பெரிய கல்லும், சுரண்டிய சந்தனம் ஒரு காகிதப் பொட்டலத்திலும். மாப்பிள்ளை பயிற்சிக் கொட்டகை மெத்தைகளை வெயிலுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். தமிழ் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். குழியைக் காட்டினேன், பொட்டலத்தைப் பிரித்தேன், கணக்கைச் சொன்னேன். "வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நான்தான்" என்றேன். தமிழ் பொட்டலத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். முப்பது வயதுக்காரி, சின்னப் பிள்ளை மாதிரி. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளை கல்லைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "மாமா, அன்னிக்கு நான் தொட்டிக்கு போவாம இருந்தது ஒங்க தராச நம்பி இல்ல."

"பின்ன?"

"ட்ரையல் தராசு சரின்னு எனக்கே தோணுச்சு. அருண்குமார் சாரும் தொட்டிக்கு போன்னாரு. நாலு வருசத்துல நீங்க எனக்காக ஒரு வார்த்த சொன்னது அன்னிக்குதான். அத மீறிப் போவ மனசு வரல."

நான்கு வருட உழைப்பை ஒருவர் வாய்வார்த்தைக்காக விடுவதா? கோபம்தான் வந்தது. "இது முட்டாத்தனம் மாப்ள" என்றேன். "ஆமா மாமா" என்றார்.

23-12-2024, திங்கள்

கம்பெனிக்கு இரண்டாவது கடிதம். உங்கள் தராசு சரி. என் தராசு தப்பு. காரணம் இது. வீரர் எடை குறைக்கத் தயாராக இருந்தார், நான் தடுத்தேன். அவர் பேரில் ஒழுங்கீனம் என்று எழுதியிருந்தால் அடித்துவிடவும். மாப்பிள்ளை வேண்டாம் என்றார். "தராசுக் கடைக்காரன் கைப்பட எழுதுற எழுத்தா இது?" என்று சுப்பராயலுவும் தடுத்தான். கடை முத்திரை குத்தித்தான் அனுப்பினேன். முதல் கடிதத்தில் குத்தினேன் அல்லவா?

30-1-2025, வியாழன்

பதில் இல்லை.

2-6-2025, திங்கள்

மாப்பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டார். கழுத்தில் விசிலோடு போட்டோ அனுப்பினாள் தமிழ். நான் கேட்டது இதுதான். கேட்டது நடந்துவிட்டது. போட்டோவில் வயிறு லேசாகத் தெரிகிறது.

29-7-2025, செவ்வாய்

அருண்குமார் போன். யாரோ ஒருவருக்குக் கால் பிசகிவிட்டதாம், பத்தே நாளில் சண்டை, அதே எடை, இளவரசு வருவாரா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். என் கடிதம் அவர்கள் ஃபைலில் இருந்ததாம். "அத படிச்சிட்டு எல்லாரும் சிரிச்சாங்களாம் சார். பேர் ஞாபகம் இருந்துச்சாம்."

சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

பள்ளியில் மாப்பிள்ளை லீவு கேட்டிருக்கிறார். எழுபத்திரண்டு கிலோ. பத்து நாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

8-8-2025, வெள்ளி

சென்னை. நானும் போனேன். சுப்பராயலுவின் இரண்டையும் சேர்த்து இருபது கிலோ கல் மூன்றைக் காரில் ஏற்றியபோது அருண்குமார் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

ட்ரையல் தராசு இந்த முறை தரையில் இருந்தது. அங்கிருந்த பையனிடம் கேட்டு மூன்று கல்லையும் வைத்தேன். அறுபது, புள்ளிக்குப் பின்னால் சுழி. மாப்பிள்ளை ஏறினார். அறுபத்தைந்து தொள்ளாயிரத்து ஐம்பது. அதே நூற்றைம்பது.

என்னைப் பார்த்தார்.

"தராசு சரியாத்தான் இருக்கு. போயி வெந்நீர்ல ஒக்காருங்க" என்றேன். துண்டைப் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த உடம்பு பட்ட பாட்டை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அசல் தராசில் அறுபத்தைந்து எழுநூற்றைம்பது.

9-8-2025, சனி

பார்த்தேன். இரண்டாம் ரவுண்டில் கண்ணை மூடிக்கொண்டேன். "ஜெயிச்சிட்டாருப்பா, கண்ண தொற" என்றாள் தமிழ். எதிராளி தரையைத் தட்டியதை நான் பார்க்கவில்லை.

இன்னமும் சொல்கிறேன், இது காட்டுமிராண்டி ஆட்டம்.

1-10-2025, புதன்

ஆயுத பூஜை. மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். சண்டை ஜனவரியில்தான், அதனால் இலை நிறையச் சாப்பிட்டார். தில்லை மூன்று முறை பரிமாறினாள்.

மேடைக்கு, பெட்டிக்கு, கதவுக்குப் பொட்டு வைத்தேன். கற்களைத் துடைத்து வெறுமனே வரிசையாக வைத்தேன். பெரிய கல்லுக்கும் இல்லை. "அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று தில்லை கேட்டாள். தமிழ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை பையைத் திறந்து, அந்தக் கூண்டுக்குப் போடுகிற கையுறை இரண்டையும் எடுத்துக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைக் கேட்காமல்தான்.

"இதுக்கு எடைக் கணக்கு உண்டா?" என்றேன்.

"நாலு அவுன்சு மாமா. பாத்து வைங்க."

விரல் நுனியில் தொட்டு, சின்னதாக வைத்தேன்.