ஐந்துக்கு ஐந்து போதும்

திருவையாறு
கார்த்திகை 14

அன்பு மகன் செழியனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகள் வானதியும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம், மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் பேசாமல் எதற்கு இவர் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நீயும் பாதியில் குறுக்கே பேசிவிடுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது விட்டுப்போகிறது. எழுதினால் நீ கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். மேகலா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். உன் தங்கைக்குத் தெரியாமல் இதில் ஒன்றும் இல்லை, அவளைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சம்பாவில் இரண்டாம் களை முடிந்தது. தீபாவளிக்கு முன் பெய்த மழையில் பள்ளத்து வயலில் நாலு நாள் தண்ணீர் நின்று பயிர் மஞ்சளாகப் போனது, வடிகாலை வெட்டிவிட்ட பிறகு தெளிந்துவிட்டது. அந்த மழையில்தான் தாராசுரத்திலிருந்து மேகலாவின் சீர்ச் சாமான் எல்லாம் திரும்பி வந்தது. மேகலா கொடுத்த புகாரின் பேரில் மகளிர் காவல் நிலையத்தில் உட்கார வைத்துப் பேசிய பிறகு, அவள் புருஷன் ராஜ்குமார் வீட்டில் எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கூட வரவில்லை, டிரைவர்தான் பட்டியலை நீட்டி, சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுங்க என்றார். கட்டில், மெத்தை, பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, கிரைண்டர், பித்தளை அண்டா, எவர்சில்வர் கரண்டி வரைக்கும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தெருவே பார்க்க ஏற்றி அனுப்பினோம், தெருவே பார்க்க இறக்கி வைத்தோம். கூடத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன், நடக்க வழியில்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தவர்கள் தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், சோபா புதுசாவே இருக்கே என்று ஒரு அம்மாள் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். மேகலா கூடத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள், கொல்லைப்பக்கமாகவே போய் வந்தாள். பத்து நாள் பொறுத்துவிட்டு, "அப்பா, இதையெல்லாம் என் கண்ணுலேர்ந்து எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதை உன்னிடம் சொன்னபோதுதான், ஆக்லாந்தில் வீடு மாறிய சமயத்தில் நீ சாமான்களை வாடகை அறையில் போட்டு வைத்ததைச் சொல்லி, தஞ்சாவூரிலும் அப்படி இருக்கிறது என்று தேடி விலாசம் அனுப்பினாய். பெரிய அறையாகவே எடுங்கப்பா, ஒரு கீறல் விழக்கூடாது, நாளைக்கே ரெண்டு பேரும் சமாதானமாகிவிட்டால் அப்படியே ஏற்றி அனுப்பிவிடலாம் என்றாய். அதே வாரம் ராஜ்குமாரின் பெரியப்பா பழத்தட்டோடு வந்து, பொருளையெல்லாம் பத்திரமா வைங்க, கேஸை வாபஸ் வாங்குங்க, தை பிறந்ததும் உட்கார்ந்து பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மாவுக்கு அன்றைக்கு முகம் தெளிந்தது, அவளைக் குறை சொல்லவில்லை, எனக்கும்தான் தெளிந்தது.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். பைபாஸ் ரோட்டுப் பக்கம், பழைய நெல் கிடங்கு ஒன்றைத் தகரத்தால் தடுத்துத் தடுத்து ஷட்டர் போட்ட அறைகளாக்கி இருக்கிறார்கள். பார்த்துக்கொள்கிறவர் பெயர் அஸார், துபாயில் கிடங்கு வேலையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பெரிய அறை வேண்டும் என்றதும் உடனே எழுதிவிடாமல் உட்கார வைத்துப் பேசினார். நாலடி உயரத்தில் பெட்டி மாதிரி ஒரு வகை, ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து என்று இருக்கிறதாம். "நீள அகலம் மட்டும் அளந்துட்டு வந்தா போதாதுங்கய்யா, உயரத்தையும் அளக்கணும். கட்டிலைக் கழட்டிடலாம், மெத்தையை நிமிர்த்தி வைக்கலாம், ஃப்ரிட்ஜைப் படுக்கப் போடக் கூடாது. சுவத்துலேர்ந்து அரை அடி தள்ளி வைக்கணும், இல்லாட்டி ஈரம் ஏறிடும். பயந்துக்கிட்டுப் பெரிசா எடுக்கிறவங்க பாதி அறையில் காத்துக்கு வாடகை கட்டுறாங்க, சின்னதா எடுக்கிறவங்க திணிச்சுத் திணிச்சு உடைச்சிடுறாங்க" என்றார். பிறகு, "அடிக்கடி வந்து எடுப்பீங்கன்னா நடுவுல வழி விடணும், எடுக்கவே போறதில்லன்னா கதவு வரைக்கும் அடுக்கிடலாம். எதுக்காக வைக்கிறீங்க, எத்தனை மாசத்துக்கு வைக்கிறீங்கன்னு சொன்னாத்தான் நான் அளவு சொல்ல முடியும்" என்றார். மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வரைக்கும் என்று ஒரு முன்பின் தெரியாத மனுஷனிடம் எப்படிச் சொல்வது. பத்துக்குப் பத்தே போடுங்க தம்பி என்று சொல்லி மூன்று மாத வாடகையைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். எதற்கும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்க, மாற்றணும்னா மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்தான் அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு அளக்க உட்கார்ந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. உன் அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியவில்லை. மேகலா தானாகவே வந்து பிடித்தாள், நோட்டில் அவளே எழுதிக்கொண்டாள். கட்டில் ஆறேகால் அடிக்கு ஐந்து, ஃப்ரிட்ஜ் ஐந்தடி உயரம், இப்படியே வந்தது. பீரோவைச் சுவரிலிருந்து திருப்பினேன். ஆறரை அடி உயரம், மூன்றேகால் அடி அகலம். இடது கதவில், மேலிருந்து ஒன்றேகால் அடி கீழே, இரும்பு உள்ளே குழிந்து போயிருந்தது. ஒரு தேங்காயை வைத்து அழுத்திய மாதிரி குழி, ஓரத்தில் பெயிண்ட் வெடித்திருந்தது. பார்த்தாயா, லாரியில் ஏற்றும்போது எதிலோ இடித்திருக்கிறான்கள், பட்டியலில் எழுதவே இல்லை, நாளைக்கே ஸ்டேஷனில் சொல்கிறேன் என்று நான் கத்தினேன். டேப்பின் அந்த முனையைப் பிடித்தபடியே அவள், "லாரியில இல்லப்பா. அது என் தலை" என்றாள்.

மேலே கேட்க எனக்கு என்ன யோக்கியதை. அவளேதான் சொன்னாள், பால்காரருக்குக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி நான் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் தாராசுரத்தில் விட்டுவிட்டு வந்தேன் அல்லவா, அதற்கு மூன்றாம் நாள். அப்பன் வீட்டில் என்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்டானாம். முடியைப் பிடித்து இரண்டு தடவை மோதினானாம். காதுக்கு மேலே நாலு தையல், மாடிப்படியில் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் இவளையே சொல்ல வைத்திருக்கிறார்கள். அவன் அம்மா மறுநாள் அந்தக் கதவின் மேல் ஒரு புடவையை மடித்துப் போட்டுத் தொங்க விட்டாளாம், வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. சொல்லி முடித்துவிட்டு, "ஆழம் எவ்வளவுப்பா, எழுதணும்" என்றாள். குழியின் ஆழத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து டேப்பைக் குழிக்குள் கொண்டு போனேன். பீரோவின் ஆழத்தைத்தான் கேட்டிருக்கிறாள். ஒன்றரை அடி என்றேன்.

உன் அம்மா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து மேகலாவைக் கீழே உட்கார வைத்து, பேன் பார்க்கிற மாதிரி முடியை வகிர்ந்து அந்தத் தழும்பைப் பார்த்தாள். அழவில்லை. ஆவணியிலிருந்து எத்தனை தடவை இந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தேன், கண்ணில் படவில்லையே என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் பழைய சாமான் வாங்குகிற கடைக்கு அவளே போன் போட்டாள். கட்டிலும் மெத்தையும் சோபாவும் முதல் நடையில் போயின. நாம் இத்தனை ஆசையாக வாங்கியதைப் பாதி விலைக்குக் கூடக் கேட்கவில்லை, அவள் பேரமே பேசவில்லை, எடுத்துக்கிட்டுப் போங்க என்றாள். ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம், அவளுக்கே அவை வேண்டுமாம். அவள் எம்.எஸ்ஸி. சர்டிபிகேட்டும் புத்தகமும் ஒரு இரும்புப் பெட்டியில் அடியில் கிடந்தன, எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். பித்தளைப் பாத்திரங்கள் அடுக்களைக்குப் போய்விட்டன.

பீரோவையும் கடைக்காரர் கேட்டார். வக்கீல் பிரகதீஸ்வரி அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர், "அதை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க சார், துடைக்கக்கூட வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்புங்க, கேஸ் முடியுற வரைக்கும் அது அப்படியே இருக்கணும்" என்றார். எங்களில் யாருக்கும் வேண்டாத சாமான் அது ஒன்றுதான், வைத்துக்கொண்டே ஆக வேண்டிய சாமானும் அது ஒன்றுதான். கூடத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து நாங்கள் யாரும் சாப்பிட முடியவில்லை. குட்டியானை வண்டியில் கயிறு கட்டி, குழி இருக்கிற பக்கம் எதிலும் உரசாமல் நானும் பின்னால் நின்றுகொண்டே தஞ்சாவூர் போனேன். பத்துக்குப் பத்து வேண்டாம் தம்பி, மாற்றுங்க என்றேன். அஸார் என்னென்ன சாமான் என்று கேட்டார், இது ஒன்றுதான் என்றேன். ஒரு பீரோவுக்காக அறை எடுக்கிறீர்களா, வீட்டிலேயே ஒரு மூலையில் போடலாமே என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்தார். சின்னதில் நாலடி உயரம்தான், படுக்க வைத்தால் கதவில் பாரம் இறங்கும், நிற்க வைக்கத் தரையோடு இருக்கிற ஐந்துக்கு ஐந்து போதும் என்றார். அடியில் மரக்கட்டை கொடுத்து, சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தும்போது அவர் கையும் அந்தக் குழியில் பட்டது. எத்தனை மாசம்னு எழுதட்டும் என்று இந்தத் தடவையும் கேட்டார். கேஸ் முடிகிற வரைக்கும் என்றேன்.

செழியா, இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த ஆனி மாதப் பகலில் தலையில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து அவள் முதலில் போனில் கூப்பிட்டது உன்னைத்தானாம். என்னைக் கூப்பிட்டால் மறுபடியும் கொண்டுவந்து விடுவேன் என்று பயந்திருக்கிறாள். நீ, "கொஞ்சம் பொறுத்துப் போ மேகலா, காலேஜிலேர்ந்து அவனை எனக்குத் தெரியும், அவன் கோபம் அரை மணி நேரம்தான்" என்றாயாம். அதன் பிறகு ஆவணியில் கட்டின புடவையோடு வந்து நிற்கிற வரைக்கும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீ ஒருமுறை சொன்னாய், நான் பங்குனியில் ஒருமுறையும் ஆனியில் ஒருமுறையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அந்த வாசலில் விட்டேன். பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான், நானும் நல்லா இருங்க மாப்பிள்ளை என்றேன்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் வாய்தா. அப்பாவே திருப்பி அனுப்பியிருக்கிறார் என்றால் அங்கே என்ன கொடுமை இருந்திருக்கும் என்று எதிர்வக்கீல் கேட்பார், சார் வாய் திறக்காமல் இருந்தால் நல்லது என்று பிரகதீஸ்வரி அம்மா சொல்கிறார். நான் கேட்கவில்லை. கூண்டில் ஏறி, ஆமாம், நான்தான் அனுப்பினேன், அவள் வரமாட்டேன் என்று அழுதாள், ஊர் பேச்சுக்குப் பயந்து அனுப்பினேன் என்று சொல்லப் போகிறேன். இதனால் கேஸ் கெடுமோ நிற்குமோ எனக்குத் தெரியாது. மேகலாவிடம் கேட்டேன், சொல்லுங்கப்பா என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே, என்னோடு இன்னும் தேவைக்குத்தான் பேசுகிறாள். ராஜ்குமார் உன்னோடு வாரா வாரம் பேசுகிறானாம், அவன் பெரியப்பாவே சொல்லிவிட்டார். இனி பேசாதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா தெரியவில்லை, நீயே முடிவு செய்துகொள்.

அங்கே வெயில் காலம் தொடங்குகிறது என்கிறாயே, குழந்தைக்குத் தொப்பி போட்டே வெளியே கூட்டிப் போங்கள். வானதியை வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் போகவிடாதே. அவள் ஏதாவது சொன்னால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கேள், முழுசாகக் கேள். அம்மாவுக்குச் சர்க்கரை நூற்றெண்பதில் நிற்கிறது, மாத்திரை தவறவில்லை. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று ஐயாறப்பனை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. அன்றைக்கு மேகலா பேசியது இங்கே பகல் பதினொன்றரை மணி, உன் போனில் அந்த அழைப்பு இருக்கும். தேதி, நேரம், அவள் என்ன சொன்னாள் எல்லாவற்றையும் உன் கையெழுத்தில் எழுதி டிசம்பர் பத்தாம் தேதிக்குள் வக்கீலம்மாவுக்கு அனுப்பு. நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் எழுது, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுது.

உன் அப்பா
பஞ்சநதம்