சலாலாவில் குடித்த இளநீர்

மக்ளே ரினி,

பால் போதுமான அளவு இருக்கிறதா? குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

நாங்கள் ஓமானில், சலாலா துறைமுகத்தில் நிற்கிறோம். அப்பா என்ஜினைப் பார்க்க, நான் சமைக்க, எங்கள் துபாய் முதலாளியின் படகில் வந்தோம். வழியில் பம்ப் உடைந்துவிட்டது. புதுப் பம்ப் வரும்வரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றார் முதலாளி. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து ஊர் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கடலோரத் தென்னந்தோப்பில் இளநீர் விற்கும் மலையாளி, "மக்கள் எத்தனை பேரு?" என்று கேட்டார். நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, யார் கேட்டாலும் அப்பா, "ஒரே பையன்" என்றுதான் சொல்வார். நான் காதில் விழாததுபோல் கடலைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரு. மூத்தது மொவ. போன மாசம் பேரன் பிறந்திருக்கான்" என்றார் அப்பா.

நான் அவரிடம் சொல்லவே இல்லை, மக்ளே. உன் தம்பிதான் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி நடக்கும்போது, "பிள்ளைக்கு யாரு ஜாடை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அடுத்த வாரம் துபாயில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை என் மொபைலுக்குப் போன் செய். அப்பாதான் எடுப்பார். அவர் குரலைக் கேட்டதும் எப்போதும்போல வைத்துவிடாதே.

உங்கள் மூவருக்கும் முத்தங்களுடன்,
அம்மா