காற்று நல்லாயிருக்கு

வட்டக்கச்சி
11.02.2024

அன்புத் தங்கச்சி கமலத்துக்கு,

கட்டி எடுத்த கழுத்துக் காயம் இரண்டு பக்கமும் காய்ந்துவிட்டது. குரல் மட்டும் திரும்பவில்லை. போனில் நான் கதைத்தால் உனக்குக் காற்றுத்தான் கேட்கும், அதனால் எழுதுகிறேன். கொழும்பில் என்னை உன் அறையிலேயே வைத்து, ஆஸ்பத்திரி வார்டு வேலையையும் பார்த்துக்கொண்டு நீ பட்ட பாட்டை மறக்கமாட்டேன். ஆனாலும் பொங்கலுக்கு ஒரு நாள் வந்து போயிருக்கலாம்.

கிணறு இறைக்கும் வேலையைத் திரும்பத் தொடங்கிவிட்டேன். முன்போலவே நான் முதலில் இறங்கி, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துச் சொல்வேன். பிறகு என்னோடு வேலைக்கு வரும் சஜீவன் இறங்கிச் சேறு அள்ளுவான். ஒரு புதினம் கேள். முன்பெல்லாம் பழங்கிணற்று அடியில் நெஞ்சு அடைக்கும். இப்போது எந்தக் கிணற்றிலும் ஒன்றுமில்லை. "அண்ணைக்கு டொக்டர் புது நெஞ்சு பூட்டி விட்டிருக்கிறார்" என்று சஜீவன் பகிடி பண்ணுகிறான்.

அண்ணன்
வீரையா

கொழும்பு
19.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தவுடனேயே எழுதுகிறேன், போனில் சொன்னால் அரைகுறையாகத்தான் விளங்கும். தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கோ.

கழுத்தில் தலைக்கு இரத்தம் போகும் குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், இரு பக்கமும் அரிசியளவு சதை ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் முதலில் அறிவது அதிலுள்ள உயிர்க்கலங்கள்தான். அறிந்தவுடன் பக்கத்து நரம்பின் மேல் சில இரசாயனங்களைச் சுரக்கும். அதுதான் அவை அனுப்பும் சேதி. நரம்பு மூளைக்குச் சொல்ல, மூளை மூச்சை வேகமாக இழுக்க வைக்கும். கிணற்றடியில் உங்களுக்கு நெஞ்சு அடைத்தது அதனால்தான்.

உங்கள் கட்டிகள் வளர்ந்தது அந்தச் சதையில். இரண்டையும் எடுத்தாயிற்று. சாதாரண மூச்சு வேறு வழியில் ஓடும். ஆனால் ஒட்சிசன் குறைந்தால் சேதி சொல்ல இனி உங்கள் உடம்பில் ஆளில்லை. நல்ல காற்றும் கெட்ட காற்றும் உங்களுக்கு ஒன்றுதான்.

இரண்டாவது ஒப்பரேசனுக்கு முதலே டொக்டர் இதைச் சொன்னார். தமிழில் உங்களுக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பை என்னிடம் விட்டார். பயந்து வேண்டாம் என்றுவிடுவீர்கள் என்று நான் மறைத்தேன். அது என் பிழை.

இனிக் கிணற்றில் இறங்காதேங்கோ. காற்று நல்லது என்று யாருக்கும் சொல்லவும் வேண்டாம். சஜீவனிடம் இன்றைக்கே சொல்லுங்கோ.

தங்கச்சி
கமலேஸ்வரி

வட்டக்கச்சி
02.05.2024

கமலம்,

சஜீவன் செத்துப்போனான்.

பூநகரிப் பக்கம், சண்டைக் காலத்தில் ஆட்கள் விட்டுப்போன வீட்டு வளவு ஒன்று. கிணறு பதினைந்து வருடமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்தது. நான் இறங்கி அடியில் நின்று பார்த்தேன். நெஞ்சில் ஒன்றுமில்லை. தலை கொஞ்சம் பாரமாக இருந்தது, வெயில் என்று நினைத்தேன். ஏறி வந்து, "காற்று நல்லாயிருக்கு" என்றேன்.

அவன் இறங்கிச் சேற்றைக் கிளறினான். கொஞ்ச நேரத்தில், "அண்ணை, மூச்சு இழுக்குது. ஏறட்டோ?" என்று கேட்டான். என் குரல் எட்டாது. அதனால் ஒன்றுமில்லை, முடித்துவிட்டு வா என்று கையைக் காட்டினேன். அவன் திரும்பவும் குனிந்தான். பிறகு நிமிரவில்லை. பக்கத்து ஆட்களோடு சேர்ந்து இடுப்புக் கயிற்றில் தூக்கி எடுத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள். "வீரையா அண்ணை இறங்கிப் பார்த்துத்தான் சொன்னவர்" என்று அவன் மனிசி சுதாஜினியே எனக்காகச் சாட்சி சொன்னாள்.

உன் கடிதம் மாசியிலேயே வந்துவிட்டது. நான் சஜீவனுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் பிறகு யார் என்னைக் கிணற்றுக்குக் கூப்பிடுவார்கள்?

வீரையா

கொழும்பு
09.05.2024

அன்புள்ள அண்ணா,

அழுதழுதுதான் எழுதுகிறேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். சாப்பிடாமல் கிடக்காதேங்கோ. அண்ணியையும் பிள்ளைகளையும் நினையுங்கோ.

இனி ஒன்று சொல்கிறேன், கோபிக்காதேங்கோ. நான் மாசியில் எழுதிய கடிதத்தை எரித்துவிடுங்கோ. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் கடிதம் வெளியே வந்தால் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். டொக்டர் சொல்லச் சொன்னதை நான் மறைத்ததும் அதிலேயே இருக்கிறது. என் வேலை போய்விடும். சஜீவன் இனி வரப்போவதில்லை, அண்ணா. இருக்கிறவர்களாவது இருப்போம்.

எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கோ.

கமலம்

வட்டக்கச்சி
21.05.2024

கமலேஸ்வரிக்கு,

அடுப்படி வரைக்கும் கொண்டுபோனேன். முடியவில்லை. நேற்றுப் பின்னேரம் சுதாஜினி வீட்டுக்குப் போய் அவளிடம் கொடுத்தேன்.

தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பியவளை இருத்திப் படிக்கச் சொன்னேன். படித்தாள். திகதியைப் பார்த்தாள். "இது மாசி மாசக் கடிதமெல்லோ?" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்ப அவருக்கு மூச்சு முட்டியிருக்குமே. ஏறட்டோ எண்டு கேட்டவரோ?"

அதற்கும் தலையாட்டினேன். கையைக் காட்டியதையும் சொன்னேன். என் குரல் அவளுக்குக் கேட்க வேண்டுமென்று கிட்டப் போய்ச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். "நீங்கள் போங்கோ. இனி இந்த வளவுக்குள்ள வராதேங்கோ" என்றாள்.

இன்று காலை அவள் பொலிசுக்குப் போயிருக்கிறாள். பின்னேரம் வந்து என்னை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்வேன். உன் பெயரும் விலாசமும் கடிதத்தில் இருக்கின்றன. உன்னையும் கூப்பிடுவார்கள். அதற்கு முதல் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீரையா