தேய்க்கக் கூடாத இடம்

பிப்ரவரி 6

இன்று மானம் போயிற்று. பஸ் சீட்டுக்கு ரெக்சின் தைப்பவன் நான். சாண் நீள ஊசியோடுதான் பிழைப்பு. ரத்தம் எடுக்க வந்த நர்ஸம்மா துளியூண்டு ஊசியைக் காட்டியதும் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தால், என் காலைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்காரி.

“மாசமா இருக்கிறவ தெம்பா நிக்கிறா, அப்பனுக்கு மயக்கம்!”

மகள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள்.

பரிசோதனையே அவளுக்காகத்தான். ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு புரதம் அவளுக்குக் குறைவு. வயிற்றில் பிள்ளை இருந்தால் யாருக்குமே குறையுமாம். எனக்கு முன்பு காலில் ரத்தம் கட்டியதை அவள் சொன்னதும் டாக்டரம்மா, “அப்போ அப்பாவையும் பார்த்துடுவோம்” என்றார். எனக்கும் குறைவென்றால் இது பரம்பரை. கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

பிப்ரவரி 19

எனக்கும் குறைவு.

பிப்ரவரி 20

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. நான் அவளுக்குக் கொடுத்தது குறட்டை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு மாத்திரை. அவளுக்குத் தினம் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி, பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை. “ஒழுங்கா போட்டா பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் டாக்டரம்மா. சரி, போட்டுவிடலாம். வேலை என்று வந்துவிட்டால் நமக்கென்ன பயம்? ஆனால் — யார் போடுவது?

பிப்ரவரி 21

நான்தான். மாப்பிள்ளை ஊசியைக் கண்டதும் வாசலுக்கு நழுவிவிட்டார். வீட்டுக்காரிக்குக் கண் சரியில்லை. மகள் தானே போட்டுக்கொள்ளப் பார்த்து, மருந்தைத் தலையணைக்குள் இறக்கினாள். எனக்கு மயக்கமே வரவில்லை. ஊசிக்குப் பின்பக்கம் இருப்பவனுக்கு வராது போலிருக்கிறது.

மார்ச் 3

அவள் வயிறெங்கும் நீலமாகக் கன்றியிருந்தது. பதறியடித்துக்கொண்டு ஓடினோம்.

“போட்டதும் என்ன பண்றீங்க?” என்றார் நர்ஸம்மா. செய்து காட்டினேன். ரெக்சினில் ஊசித்துளை தெரியாமலிருக்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்போமே, அதே தேய்ப்பு. கை தானாகவே செய்திருக்கிறது!

“ஐயா, இது சீட்டு இல்ல, பொண்ணு வயிறு. தேய்க்கவே கூடாது!”

“நல்லவேளைப்பா, பட்டன் வெச்சுத் தைக்காம விட்டீங்க” என்றாள் மகள்.

மார்ச் 30

கன்றல் போய்விட்டது. ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது. போட்டு முடித்ததும் கட்டைவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9

பெண் குழந்தை. இருவரும் சுகம். ஊசி தொடர்கிறது.

குழந்தைக்கு இது இருக்கிறதா என்று கொஞ்சம் வளர்ந்தபின் பார்க்கலாமாம். இருந்தால்தான் என்ன, சமாளிக்கத் தெரிந்துவிட்டதே.

“யார் ஜாடைப்பா?” என்றாள் மகள்.

“அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கு” என்றேன்.

மூக்கு, மோவாய் எது வேண்டுமானாலும் நம் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், ரத்தம் மட்டும் மாப்பிள்ளை பக்கமாக இருக்கட்டும் — இதைச் சொல்லவில்லை.